சிதறுகாய் பட்ட கண்ணாடி

எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. வியாழக்கிழமை காலையில் என் மனைவி ஜெயாவுக்குக் கார் ஓட்டும் டெஸ்ட். புதன்கிழமையே வண்டிக்குப் பூசை போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தால் போதும் என்றாள் அவள். நான் கேட்கவில்லை. பெரிய தேங்காயாகப் பார்த்து எடுத்து, உச்சியில் சூடம் கொளுத்தி, வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி, முன்னால் கிடந்த கருங்கல்லில் ஓங்கிப் போட்டேன். சிதறுகாய் என்றால் சிதற வேண்டும். இரண்டாகப் பிளந்து சாதுவாகக் கிடப்பதற்கு அதென்ன குழம்புக்கு உடைக்கிற காயா?

சிதறியது. மலாக்காவில் எங்கள் வீட்டுக்கு முன்னாலிருந்த காஜா பெராங் ரோட்டின் அந்தப் பக்கம் வரைக்கும் சிதறியது. ஒரே ஒரு சில்லு மட்டும் திரும்பி வந்து வண்டியின் முன்கண்ணாடியில் டக்கென்று அடித்தது.

எங்களுடையது பழைய மோரிஸ் மைனர். முன்கண்ணாடி ஒரே பலகையாக இராது. நடுவில் ஒரு கம்பி, இரண்டு பக்கமும் இரண்டு கண்ணாடி. இடது பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது பக்கத்தில், ஓட்டுபவரின் கண்ணுக்கு நேராக, பத்துக்காசு அகலத்துக்கு ஒரு வெடிப்பு. அதிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு கோடு கீழே இறங்கியிருந்தது.

"போச்சா?" என்றாள் ஜெயா.

"என்ன போச்சு? வண்டி மேல இருந்த கண்ணு அத்தனையும் இதோட போச்சு. நல்லதுக்குத்தான்."

பிரசவம் பார்க்கப் போகிற வீடுகளில், தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தேவையில்லை என்று அடம்பிடிக்கிற புருஷன்மார்களை அவள் ஒரு பார்வை பார்ப்பாள். அதே பார்வையை என் மேல் வீசிவிட்டு உள்ளே போனாள்.

அவள் பிரசவம் பார்க்கிற நர்ஸ். மலாக்காவில் நர்ஸை எல்லாரும் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. ஆயர் குரோ பக்கத்துத் தோட்டங்களையும் கம்போங் என்கிற மலாய்க் கிராமங்களையும் சுற்றி வருவதற்கு ஒரு மிஸியைப் போடப்போகிறார்கள், அரசாங்கமே காரும் கொடுக்கும் என்று உத்தரவு வந்திருந்தது. ஆனால் டிரைவர் கிடையாது. மிஸியேதான் ஓட்ட வேண்டும். சனிக்கிழமைக்குள் லைசென்ஸைக் காட்டினால் வேலை ஜெயாவுக்கு. இல்லாவிட்டால் வேறு ஊரிலிருந்து ஓர் ஆள் வந்துவிடும். வியாழக்கிழமை டெஸ்ட்டை விட்டால் அடுத்தது ஒரு மாதம் கழித்துத்தான்.

போன மழைக்காலத்தில் அந்தப் பக்கம் ஒரு வீட்டில் பிரசவ வலி என்று ஆள் அனுப்பினார்கள். ஜெயா பஸ்ஸுக்கு நின்று, பஸ் வந்து, போய்ச் சேர்வதற்குள் பிள்ளை இறந்துவிட்டது. அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். மறுவாரமே கார் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று வந்து நின்றாள். மூன்று மாதம் கற்றுக்கொடுத்தேன். தண்ணீர் இலாகாவில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. குழாய் மனு எழுதுகிறவர்களிடம் கத்திப் பழகிய வாயை அவளிடமும் கொஞ்சம் காட்டியிருக்கிறேன். அவள் பொறுத்துக்கொண்டாள். அந்த வேலை அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

கண்ணாடி உடைந்த வண்டியை டெஸ்டர் பார்த்தால் திருப்பி அனுப்பிவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து வெடிப்பின் மேல் அப்பினேன். நடுவில் குங்குமம். கோட்டின் மேல் விபூதி. நடுக்கம்பியில் ஒரு சரம் மல்லிகை. கிட்டே போய்ப் பார்த்தாலும் விரிசல் தெரியாது. ரோடும் கொஞ்சம் தெரியாதுதான். அதை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

சாயங்காலம் கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று அவளை வற்புறுத்தி உட்கார வைத்தேன்.

"சரியா தெரியலைங்க. நேரா பாத்தா சந்தனந்தான் தெரியுது."

"கொஞ்சம் குனிஞ்சு பாரு. ஒரு நாளைக்கு என்ன?"

ரோட்டு முக்கில் ஒரு மாத்தா, போலீஸ்காரர், கையைக் காட்டி நிறுத்தினார். மலாய்க்காரர், வயதானவர். எல் போர்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைப் பார்த்தார். இது என்ன என்று மலாயில் கேட்டார். சாமி கும்பிட்டிருக்கிறோம், நாளைக்கு இவளுக்கு டெஸ்ட் என்றேன். அவர் நீட்டிய விரலைப் பட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அடுத்தவர் சாமியைத் தொட்டுவிடக்கூடாது என்று அவருக்கு அவ்வளவு எச்சரிக்கை. ஜெயாவைப் பார்த்துச் சிரித்து, "ஜாலான், ஜாலான்", போங்கள் என்று வழி விட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? மாத்தாவே விட்டுட்டான். டெஸ்டர் எம்மாத்திரம்?"

"அவரு மரியாதை குடுத்தது சாமிக்கு. நீங்க அதுக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்கிட்டீங்க" என்றாள் ஜெயா. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன்.

கம்போங் செட்டிப் பக்கம் திரும்பினோம். கடல் திசையிலிருந்து வெயில் நேராக முகத்தில் அடித்தது. அந்த வெளிச்சம் விரிசலில் பட்டதும் அவள் பக்கத்துக் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. எனக்கு என் பக்கத்தில் ரோடு தெரிந்தது. ரோட்டின் நடுவில் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு நின்றதும் தெரிந்தது. "ஜெயா!" என்று அலறினேன்.

அவள் பிரேக்கில் ஏறி நின்றாள் என்றே சொல்ல வேண்டும். என் நெற்றி முன்பலகையில் இடித்தது. வண்டி நின்ற இடத்துக்கும் அந்தப் பெண்ணின் சாரோங்குக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன்னைப் பார்த்துத்தான் வண்டி நின்றது என்று நினைத்துக்கொண்டாள். பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து தமிழை மறந்துவிட்ட மலாக்காச் செட்டிகள் வீட்டில் பேசுகிற அந்த மலாயில், "மிஸி! மிஸியே காடி ஓட்டுறீங்களா!" என்று சிரித்தாள். பிள்ளையின் கையைப் பிடித்து எங்களுக்கு டாட்டா காட்ட வைத்தாள். அந்தக் குழந்தையும் நாலு பல்லைக் காட்டிக்கொண்டு ஆட்டியது. பிறகு அவள் பாட்டுக்கு வீட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஜெயா இஞ்சினை அணைத்தாள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளை பொறக்கறப்ப கழுத்துல கொடி சுத்தியிருந்துச்சு. நீலமா இருந்துச்சு. இந்தக் கையாலதாங்க எடுத்தேன். இதே கையால இன்னைக்கு..." மேலே சொல்லாமல் இறங்கிவிட்டாள். முந்தானையால் சந்தனம், குங்குமம், விபூதி எல்லாவற்றையும் அழுத்தித் துடைத்தாள். காலையில் விரல் நீளம் இருந்த கோடு இப்போது முழங்கை நீளத்துக்கு ஓடி, மூன்றாகக் கிளை விட்டிருந்தது. நாள் பூராவும் வெயிலில் நிறுத்தியிருந்தேன். சாயங்காலம் பளபளப்பாக இருக்கட்டும் என்று சந்தனத்தைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீரை வேறு ஊற்றியிருந்தேன். உள்பக்கம் உட்காரும் இடத்தில் சீனி மாதிரிக் கண்ணாடித்தூள் கிடந்தது.

"நாளைக்கு இந்த வண்டியில போக மாட்டேன். டெஸ்ட் போனாப் போகட்டும். நீங்களும் இத ஓட்டக்கூடாது. தள்ளுங்க."

தள்ளினேன். அவள் வெளியே நடந்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, வீடு வரைக்கும் தள்ளினேன். வழியில் இரண்டு பேர் பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

வண்டியை விட்டதும் ஜாலான் பெண்டஹாராவுக்கு ஓடினேன். அங்கே காதர் மைதீன் படத்துக்குச் சட்டம் போடுகிற கடை வைத்திருந்தார். சாமி படம், கல்யாணப் படம், மெக்கா படம் எல்லாம் அவரிடம்தான். கண்ணாடியை அளந்து வெட்டுவதில் கெட்டிக்காரர். என் வண்டியின் கண்ணாடிதான் தட்டையாயிற்றே, இரவோடு இரவாக ஒன்றை வெட்டிப் பொருத்திவிட்டால் யாருக்குத் தெரியும்? இதுதான் என் யோசனை. ஒரு முட்டாள்தனத்தைச் செய்தவனுக்கு அடுத்தது தானாக வந்துவிடுகிறது.

"எப்படி உடைஞ்சுச்சு?" என்று கேட்டார்.

"ரோட்டுக் கல்லு தெறிச்சிருச்சு பாய்."

அவர் என் கையைப் பார்த்தார். "கல்லுல சந்தன வாசம் வருது கிராணி" என்றார். மேசையில் கிடந்த கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் தட்டினார். பிரித்துக் காட்டினார். ஒவ்வொன்றும் கத்தி நீளத்துக்கு இருந்தது. "இது படத்துக்குப் போடுறது. வண்டிக்குப் போட்டா, நீங்க ஒரு மரத்துல மோதின அன்னைக்கு இதுல ஒன்னு மிஸி கழுத்துல நிக்கும். வண்டிக் கண்ணாடி வேற. ரெண்டு தகடு வச்சு நடுவுல ஒட்டுனது. உடைஞ்சாலும் பிடிச்சுக்கும். சிங்கப்பூர்லேர்ந்து வரணும், ஒரு வாரமாகும். மாத்தா பாத்தா சமன் எழுதி அபராதம் போடுறது சும்மா இல்ல."

நான் அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமை, ஆயர் குரோ, எல்லாவற்றையும் சொன்னேன். தேங்காயை மட்டும் சொல்லவில்லை.

"என் மக சுல்தானாவுக்கு ரெண்டு பிரசவமும் மிஸிதான் பாத்தாங்க" என்றார் காதர் மைதீன். "என் வேன எடுத்துக்குங்க. உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போற படம் இருபத்தெட்டு கட்டி வச்சிருக்கேன். இறக்கிக் கட்ட நேரமில்ல, அப்படியே இருக்கட்டும். மிஸி ஓட்டினா உடையாது. நீங்க மட்டும் ஓட்டாதீங்க."

காலை ஆறரை மணிக்கு ஜெயா அந்த வேனில் முதன்முதலாக ஏறினாள். ஒரு மணி நேரம் காதர் மைதீன் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினார். என்னைப் பின்னால் படங்களைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு தடவைகூடக் கத்தவில்லை என்பதையும் கவனித்தேன்.

டெஸ்டர் ஒல்லியான மலாய்க்காரர், சட்டை மடிப்புக் கலையாதவர். விண்ணப்பத் தாளைப் பார்த்து, வேனைப் பார்த்தார். "எழுதியிருக்கிற நம்பர் வேறு. ஏன் வண்டி மாறியது? சரியான காரணம் இல்லாமல் நான் ஏற மாட்டேன்" என்றார்.

ஜெயா வாயைத் திறந்தாள். கண்ணாடி உடைந்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருப்பாள். என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள். பதினொரு வருஷமாக அவள் அப்படித்தான். அது எனக்குத் தெரிந்ததால்தானோ என்னவோ, நான் முந்திக்கொண்டேன்.

"அந்த வண்டியோட கண்ணாடிய உடைச்சது நான்" என்றேன், எனக்குத் தெரிந்த மலாயில். "பூசை போட்ட தேங்காய் பட்டு உடைஞ்சுச்சு. சந்தனம் பூசி மறைச்சதும் நான். நேத்து மாத்தாகிட்டயும் மறைச்சேன். இவள ஓட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தினேன். ஒரு தாயும் பிள்ளையும் மயிரிழையில தப்பிச்சாங்க. டெஸ்ட் போனாலும் பரவாயில்ல, இனி அந்த வண்டிய ஓட்ட மாட்டேன்னு சொன்னது இவ. இவ மேல ஒரு தப்பும் இல்ல."

காதர் மைதீன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெஸ்டர் பேனாவை எடுத்து மோரிஸின் நம்பரைத் தனியாக ஒரு தாளில் எழுதினார். புதுக் கண்ணாடி போட்டு, தன்னிடம் கொண்டுவந்து காட்டும் வரை அது ரோட்டில் இறங்கக்கூடாது என்றார். சமன் வந்தாலும் வரும் என்றார். வரட்டும் என்றேன். அவர் ஜெயா பக்கம் திரும்பினார்.

"டெஸ்ட் போனாலும் பரவாயில்லை என்று சொன்னீர்களா?"

"சொன்னேன்."

"ஏறுங்கள்."

வேன் போனது. நானும் காதர் மைதீனும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மேட்டில் நிறுத்திக் கிளப்ப வேண்டிய இடத்தில் இருபத்தெட்டுப் படமும் கலகலவென்று ஆடுவது எங்களுக்குக் கேட்டது. வேன் ஓர் அங்குலம் பின்னால் சரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ஏறிருச்சு" என்றார் அவர். பிறகு குறுகலான இடத்தில் திருப்பினாள், இரண்டு கம்புக்கு நடுவில் பின்னால் எடுத்து நிறுத்தினாள். திரும்பி வந்ததும் காதர் மைதீன் முதலில் பின்கதவைத் திறந்து படங்களைப் பார்த்தார். எல்லாம் முழுசாக இருந்தன.

ஜெயா இறங்கி வந்து தாளை என் கையில் கொடுத்தாள். பாஸ். அவள் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது. இனி ஆயர் குரோவில் யாருக்கு வலி எடுத்தாலும் அவள் பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம். அந்தத் தாளை நான் இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை எழுத்து தெரியவில்லை.

"என்னங்க, அழுறீங்களா?" என்றாள்.

தூசி விழுந்துவிட்டது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"ஆமா ஜெயா" என்றேன்.