பாகத்துக்கு வந்த மூடி

அவள் தனியாக இருந்த அந்த வீட்டில் மூடிகள் நிறைய இருந்தன. குமிழ் உடைந்த பீங்கான் மூடி ஒன்று மல்லாந்து படுத்து சோப்புக்கட்டியைத் தாங்கிக்கொண்டிருக்கும். வெண்கல மூடியில் சாவிக்கொத்து. ஊசிகளுக்கு ஒன்று, மாத்திரைகளுக்கு ஒன்று, ஜன்னலில் குருவிகளுக்குத் தண்ணீர் வைக்க ஒன்று. மரத்தில் கடைந்த பெரிய மூடியின்மேல் சூடான பாத்திரத்தை இறக்கி வைப்பாள். எல்லாம் பழைய காலத்துச் சாமான்கள். எந்தெந்த வீடுகளிலோ எதையெதையோ மூடிக்கொண்டிருந்தவை.

அந்த வீட்டில் மூடியில்லாமல் இருந்தது ஒரே ஒரு பாத்திரம்தான். அடுப்பு மேடையில் இருந்த சர்க்கரை ஜாடி.

அது அவளுடைய அம்மாவின் ஜாடி. வெள்ளைப் பீங்கான், கழுத்தில் ஒரு நீலக்கோடு. வாய் சற்றுக் கோணல். அதனால் கடையில் விற்கிற எந்த மூடியும் அதில் சரியாக உட்காராது. அம்மாவின் ஜாடி என்று அவள் அதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கவில்லை. தினமும் டீக்கு அதிலிருந்துதான் சர்க்கரை எடுப்பாள். வாயின்மேல் ஒரு சாசரைக் கவிழ்த்திருப்பாள். சாசருக்கெல்லாம் எறும்பு பயப்படுமா? காலையில் ஜாடியைத் திறந்ததும், "போங்கடா, தின்னது போதும்" என்று ஊதி விரட்டுவாள். அன்றைக்கு அவள் பேசும் முதல் பேச்சு அதுதான். சில நாட்களில் கடைசிப் பேச்சும் அதுவாகவே இருந்துவிடும்.

தையல்கடையிலிருந்து சட்டைகளை வாங்கிவந்து வீட்டில் உட்கார்ந்து காஜா எடுத்து பட்டன் கட்டிக் கொடுப்பது அவள் தொழில். கல்யாணம் ஆகவில்லை. "எல்லாருக்கும் ஜாடிக்கேத்த மூடி அமையுது, எனக்கு ஜாடிதான் அமைஞ்சுது" என்று அவளே சொல்லிச் சிரித்த காலம் உண்டு. அப்போது கேட்டுச் சிரிக்க அம்மாவும் தங்கையும் இருந்தார்கள்.

அம்மா போன பிறகு அக்காளும் தங்கையும் சாமான்களை நடுவீட்டில் பரப்பிவைத்து இரண்டு கூறாகப் பிரித்தார்கள். சண்டை இல்லாமல்தான் பிரித்தார்கள். கடைசியில் ஜாடி மிஞ்சியது.

"அம்மாவைக் கடைசிவரைக்கும் கூட இருந்து பாத்தவ நான். ஜாடி எனக்கு" என்றாள் அக்கா.

"பாத்ததுக்குக் கூலி கேக்கறியா?" என்றாள் தங்கை.

சொன்னவளுக்கே அந்தச் சொல் சுட்டிருக்க வேண்டும். ஆனால் வாயை விட்டுப் போனதை யார் பிடிப்பது? அக்கா ஜாடியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தங்கை அதன் மூடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "ஜாடி உன் பாகம், மூடி என் பாகம். கணக்கு சரியாப் போச்சா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். நாளைக்கு அவளே கொண்டுவந்து கொடுப்பாள் என்று அக்கா நினைத்தாள். அக்காவே வந்து கேட்பாள் என்று தங்கை நினைத்தாள். ரோஷமும் அம்மா வழிச் சொத்துதான். அதை மட்டும் இருவரும் ஒரு குந்துமணி குறையாமல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

ஊர் பெரியது. தங்கை வீடு ஊரின் மறுகோடியில். அவள் புருஷன் இறந்த செய்தி சுற்றிச் சுற்றிப் பிந்தி வந்தபோது, அக்கா பஸ் ஏறி அந்தத் தெருமுனைவரை போனாள். வெகுநேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்துவிட்டாள். அடுத்த வாரமே பழைய சாமான் கடைகளில் மூடி தேட ஆரம்பித்தாள். அவள் தேடியது மூடியைத்தானா என்று நீங்கள் கேட்கலாம். அவளைக் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

கைப்பையில் ஒரு நூல் வைத்திருப்பாள். அதில் இரண்டு முடிச்சு. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் ஜாடி வாயின் அகலம். கடையில் எந்த மூடி கண்ணில் பட்டாலும் நூலைப் பிடித்துப் பார்ப்பாள். பொருந்தாது. பொருந்தவில்லையே என்று கீழே வைத்துவிட்டு வர மனசும் இருக்காது. தனியாக ஒரு மூடி கிடக்கிறதே என்று வாங்கி வந்துவிடுவாள். வாங்கி வந்ததைச் சும்மா போட்டுவைக்கவும் மாட்டாள். ஏதாவது ஒரு வேலை கொடுத்துவிடுவாள்.

பழைய சாமான் கடைக்காரர் அவளுக்கு வைத்த பெயர் மூடியக்கா.

"வாங்க மூடியக்கா! இந்த ஊர்ல எந்த ஜாடிக்கும் மூடி மிச்சம் வைக்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"உன் வாய்க்கு ஒரு மூடி கிடைச்சா அதையும் வாங்கிக்கறேன் தம்பி."

இப்படித்தான் அவர்கள் பேச்சு தொடங்கும். ஆனால் அன்று மத்தியானம் அவர் கேலி பேசவில்லை. கல்லாவுக்கு அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதைப் பாருங்கக்கா."

பிரித்தாள். வெள்ளைப் பீங்கான். ஓரத்தில் நீலக்கோடு. உச்சியில் குமிழ் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சின்ன வயதில் அக்காளும் தங்கையும் அதைப் பக்கத்து வீட்டுப் பூனைக்குத் தொப்பியாக வைத்து விளையாடி, பூனை ஓடி, குமிழ் தெறித்துப்போனது. அப்பா அரக்கு உருக்கி ஒட்டிக் கொடுத்தார். ஒட்டியது கோணலாகிவிட்டது. தொப்பி சாய்ந்த போலீஸ்காரன் என்று இருவரும் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அவள் நூலை எடுக்கவில்லை.

"எங்கேருந்து வந்தது இது?"

"ஏதோ ஒரு வீட்டுச் சாமானோட வந்துச்சு."

"எந்த வீடு?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு..." அவர் ஒரு விளக்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஒரு வீட்டின் சாமான்கள் எப்போது மொத்தமாக இந்தக் கடைக்கு வரும் என்பது அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷம் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த கை இதை விட்டிருக்கிறது என்றால்? விற்பனைக்கு வைத்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"போயிட்டாளா?" என்றாள்.

"யாருக்கா?"

"என் தங்கச்சி."

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்லக்கா! சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனாங்க..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வாங்கிட்டுப் போனாளா? அப்ப அவளே நடந்து வந்து குடுத்தாளா?"

"நல்லா நடந்துதான் வந்தாங்க. பீரோவுக்கு நான் சொன்ன விலை பத்தாதுன்னு சண்டைகூடப் போட்டாங்க."

"அப்ப அவதான்" என்றாள். மூச்சு திரும்ப வந்தது.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா வீட்டைக் காலி செய்கிறார். வேறு ஊரில் இருக்கும் மகன் வந்து அழைத்துப்போகிறான். பீரோ, கட்டில் விற்க வந்த இடத்தில், இவர் வாய் சும்மா இல்லாமல், காஜா எடுக்கிற ஒரு அக்கா நூலும் கையுமாக மூடி தேடி அலைகிற கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்த அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் இதைக் கொண்டுவந்து கொடுத்து, காசு வேண்டாம், யார் கொடுத்தது என்று மட்டும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

"எப்பக் கிளம்பறா?"

"இன்னிக்கு சாயங்காலம் லாரி. ஓடுங்கக்கா. இதோ பஸ் வருது."

கொடுத்த வாக்கை மீறுவது பாவம்தான். ஆனால் இந்த மாதிரிப் பாவங்கள் வரும்போது கடவுள் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்றே நான் நம்புகிறேன்.

பஸ்ஸில் மூடியை மடியில் வைத்துக்கொண்டு அவள் வேண்டிக்கொண்டாள். 'கடவுளே, அந்த லாரி ரிப்பேர் ஆகட்டும். வேணாம், டிரைவர் பாவம். டீ குடிக்கப் போகட்டும், போதும்.'

தெருமுனையில் இறங்கியபோது லாரி பாதி நிரம்பி நின்றது. டிரைவர் எதிர்க்கடையில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். அவர் ஒன்றும் புரியாமல் திருப்பிக் கும்பிட்டார்.

மாடிப்படி ஏறினாள். கதவு திறந்தே கிடந்தது. வெறுங்கூடத்தில் ஒரு அட்டைப்பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அக்காவின் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

"திருப்பிக் குடுக்க வந்துட்டியா? இன்னும் ரோஷம் போகலையா?"

"உனக்குப் போச்சாடி? நேரா வந்து குடுக்காம, கடையில போட்டுட்டு வந்திருக்க."

"நேரா வந்து, நீ கதவைத் திறக்கலேன்னா?"

அதே பயத்தோடுதான் அக்காவும் படியேறியிருந்தாள்.

"அவர் போனப்போ தெருமுனையில வந்து நின்னியே" என்றாள் தங்கை, கயிற்றைப் பார்த்துக்கொண்டே. "ஜன்னல்லேருந்து பாத்தேன். கூப்பிடணும்னு வாயெடுத்தேன். வார்த்தை வரல."

உள்ளேயிருந்து மகன் ஒரு மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "யாரும்மா?"

"பெரியம்மாடா."

அவன் மின்விசிறியை இறக்கி வைத்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "உக்காருங்க பெரியம்மா" என்றான். உட்கார ஒன்றும் இல்லை என்பது பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஓடிப்போய் லாரியிலிருந்து ஒரு ஸ்டூலை இறக்கிவந்து போட்டான். ஏற்றிய சாமானை மறுபடி இறக்குவது எவ்வளவு எரிச்சலான வேலை என்பது வீடு மாற்றியவர்களுக்குத் தெரியும். அவன் முகத்தில் எரிச்சல் இல்லை.

அவன் சட்டையில் ஒரு பட்டன் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தால் அவள் கை சும்மா இருக்குமா? "இங்க வா" என்று கூப்பிட்டு, புடவை ஓரத்தில் குத்தியிருந்த ஊசியை எடுத்தாள். நூலுக்குக் கைப்பையைத் துழாவினாள். கையில் வந்ததைக் கோத்தாள். சட்டையைக் கழற்றாமலே, அவன் நின்றபடியே, பட்டனைக் கட்டினாள்.

"இதென்னடி நூல்ல முடிச்சு?" என்றாள் தங்கை. அக்காவைச் சின்ன வயதிலிருந்தே அவள் 'டி' போட்டுத்தான் கூப்பிடுவாள். அம்மா அதற்காக அடித்தும் திருந்தவில்லை.

"ஜாடி வாயோட அளவு."

தங்கை சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு எதுவோ ஆகிவிட, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் இதை ராத்திரித் தண்ணி டம்ளருக்கு மூடியா வெச்சிருந்தேன். முதல்ல அவருக்கு. அப்புறம் எனக்கு" என்றாள். "டம்ளருக்கு ரொம்பப் பெருசு. காத்தடிச்சா ஆடும். தொப்பி சாஞ்ச போலீஸ்காரன் இருக்கான், தூங்குன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன்."

கீழே லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"என்கூட வந்து இருந்திருக்கலாம்" என்றாள் அக்கா.

"போன மாசம் கேட்டிருந்தா வந்திருப்பேன்."

"இப்பக் கேக்கறேன்."

"கட்டிலை வித்துட்டேன். வீட்டைக் குடுத்துட்டேன். இவன் லீவு போட்டு வந்து, எனக்குன்னு அங்க ஒரு ரூமுக்கு வெள்ளையடிச்சு வெச்சிருக்கான். எப்படிடி அவன் முகத்துல அடிக்கறது?"

அது நியாயம். நியாயமாக இருந்ததுதான் அக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது.

லாரிக்குப் பக்கத்தில் அக்கா மூடியைச் செய்தித்தாளில் மறுபடி சுற்றித் தங்கையின் பையில் வைத்தாள்.

"இது எதுக்கு? உனக்குன்னுதானே குடுத்தேன். எறும்பு வராதா?"

"உன் பாகம். உன்கிட்டயே இருக்கட்டும். எனக்கு மூடி வேணும்னா உன் வீட்டுக்கு வந்து கேக்கறேன். உனக்கு ஜாடி வேணும்னா நீ வா."

"வருவியா?"

"கதவைத் திறப்பியா?"

லாரி கிளம்பியது. முன்சீட்டில் டிரைவருக்கும் மகனுக்கும் நடுவில் நெருக்கி உட்கார்ந்திருந்த தங்கையின் கை வெளியே நீளவில்லை. இடமில்லை. மகன்தான் கையை நீட்டி ஆட்டினான். புதிதாகக் கட்டிய பட்டன் அந்தத் தூரத்தில் தெரியாது. ஆனாலும் அக்கா பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டாள். எல்லா மூடிகளும் அவரவர் வேலையில் இருந்தன. கடையிலிருந்து வந்த சட்டைகள் மூட்டையாகக் காத்திருந்தன. டீ போட்டுத் தனியாகக் குடித்தாள். சாசரைக் கவிழ்த்தாள்.

அடுத்த முறை கடைப்பக்கம் போனபோது, "மூடியக்கா, ஒண்ணு வந்திருக்கு பாருங்க" என்று கடைக்காரர் நீட்டினார். கை பழக்கத்தில் பைக்குள் போனது. அங்கே நூல் இல்லை.

"வேணாம் தம்பி. மூடி இருக்கு."

"அப்ப அந்த மூடியையே வெச்சுக்கிட்டீங்களா? சரியா உக்காந்துச்சா?"

"தங்கச்சிகிட்ட இருக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "மூடி அங்க, ஜாடி இங்கன்னா, எறும்பு?"

"வரும்" என்றாள்.

மறுநாள் காலையும் எறும்புகள் வந்தன. ஜாடியைத் திறந்து அவள் வழக்கம்போல ஊதப்போனாள். பிறகு ஊதாமல், ஒரு சிட்டிகை சர்க்கரையை மேடையின் ஓரத்தில் தூவிவிட்டு, அவை ஒவ்வொன்றாக இறங்கிப் போகும்வரை டீயை ஆறவிட்டுக் காத்திருந்தாள்.