டிராகனை வெயிலில் வைத்தார்கள்

அக்கா வாளியில் ஹார்டனரை இரண்டு முறை ஊற்றிவிட்டாள்.

ரெசின் தேன் மாதிரி இருக்கும். ஹார்டனர் சேர்த்தால் கல்லாகும். அளவாகச் சேர்த்தால் மெல்லச் சூடேறி இறுகும். இரட்டிப்பாகச் சேர்த்தால் வாளிக்குள்ளேயே கொதிக்கும். அன்று கொதித்தது. வாளியின் விளிம்பு நெளிந்து, புகை கிளம்பியது. பெயிண்டர் அண்ணன் ஓடிவந்து ஒரு கம்பியால் வாளியை வெளியே இழுத்துப்போய் மணலில் கவிழ்த்தார்.

சித்தப்பா முன்னறையிலிருந்து வந்து புகையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

“டிராகன் செய்யச் சொன்னா நீயே டிராகன் ஆயிட்டியே பெரியவளே!”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சித்தப்பாவின் பட்டறையில் ஃபைபர் பொம்மைகள் செய்கிறோம். பூங்காவுக்கு யானை, கடை வாசலுக்கு ஐஸ்கிரீம் கூம்பு. இப்போது ஒரு குழந்தைகள் கண்காட்சிக்கு மூன்று டிராகன்கள். இறக்கை வைத்த சிவப்பு, இறகு போர்த்திய பச்சைப் பாம்பு, ஆற்றைப் போல் நீண்ட நீலம். அச்சுக்குள் ஃபைபர் விரித்து, ரெசின் தடவி, ரோலரால் அழுத்துவது அக்காவின் வேலை. ரெசினிலிருந்து ஆவி வரும். அதை வெளியே தள்ள அந்த அறையில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது.

ஃபேன் கெட்டுப்போயிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. அது நன்றாக ஓடும். ஓடினால் கதவிடுக்கு வழியாகத் தெருப்புழுதி உள்ளே வரும். ஈரச் செதில்களில் ஒட்டும். பளபளப்பு போகும். அதனால் சித்தப்பா சுவிட்ச் பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் தொங்கவிட்டிருந்தார்.

நான் வேதியியல் படித்தவள். அந்த ஆவி என்ன செய்யும் என்று தெரியும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், மறதி. கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். அதன் பிறகு வாசனை தெரியாது. “வாசனையே இல்லடி” என்பாள் அக்கா. ஆவி அங்கேயேதான் இருக்கும்.

ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

“சித்தப்பா, அந்த ஃபேன்...”

“என்னம்மா?”

“அக்காவுக்கு...”

“அக்காவுக்கு என்ன? குத்துக்கல்லு மாதிரி இருக்கா. படிச்ச பொண்ணு உனக்குத்தான் எதப் பாத்தாலும் வியாதி. போ. அட்டை எழுதிட்டியா?”

ஒவ்வொரு டிராகனுக்குப் பக்கத்திலும் அதன் கதையைச் சொல்லும் அட்டை வேண்டும். பட்டறையில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. தேடித் தேடிப் படித்தேன். பழைய கதைகள் பலவற்றில் சிவப்பு டிராகன் விடும் மூச்சு நெருப்பு இல்லை, விஷம். அது குடியிருக்கும் குகையைச் சுற்றிப் புல் கருகும், மாடு சாகும். அப்படியே எழுதிச் சித்தப்பாவிடம் கொண்டுபோனேன்.

“விஷமா? குழந்தைங்க வர்ற இடம்மா. நெருப்புன்னு போடு. அதுதான் கெத்து.”

அடித்துவிட்டு நெருப்பு என்று எழுதினேன். பேனா தாளைக் கிழித்தது.

படிக்கப் படிக்க ஆத்திரம்தான் வந்தது. ஒரு தேசத்தில் டிராகனைக் கொன்றால் வீரன். இன்னொரு தேசத்தில் அதைக் கும்பிட்டால் மழை. பனிதேசத்துக் கதையொன்றில் தங்கத்தின் மேல் காவலுக்குப் படுத்தவனே டிராகனாகிவிடுகிறான். மிகப் பழைய ஒரு கதையில் கடல்தான் தாய், அவள்தான் டிராகன். அவள் வம்சத்தில் வந்தவன் ஒருவன் அவளை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாகக் கவிழ்த்தான், மறு பாதியைப் பூமியாக விரித்தான். வெட்டியவனுக்குப் பெயர் கடவுள். வெட்டுப்பட்டவளுக்குப் பெயர் அரக்கி.

நீல டிராகனின் கதையில்தான் நின்றுவிட்டேன். அது மழைக்கு அரசன். மழை பொய்த்தால் விவசாயிகள் முதலில் கும்பிடுவார்கள். அப்படியும் பெய்யவில்லை என்றால், குளிர்ந்த கோயிலுக்குள் இருக்கும் அதன் சிலையைத் தூக்கிவந்து மொட்டை வெயிலில் வைத்துவிடுவார்கள். நாங்கள் காய்கிறோமே, நீயும் கொஞ்சம் காய்ந்து பார் என்று.

வாளி புகைந்த அன்று மாலை வீட்டில் அக்கா என்னிடம் “சாப்பிட்டியா?” என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து மறுபடியும் “சாப்பிட்டியா?” என்றாள்.

“அக்கா, நீ வேற வேலை பாரு.”

“பத்தாவது தாண்டாதவளுக்கு எவன் குடுப்பான்? அப்பா போனப்ப வாங்கடின்னு கூப்பிட்டது சித்தப்பா ஒருத்தர்தான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணக் கூடாது.”

“உண்டதாவது உனக்கு ருசிக்குதா?”

அவள் அடுப்பைத் துடைத்தாள். பிறகு சிரித்தாள். “எல்லாம் ரெசின் மாதிரிதான் இருக்கு.”

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் பெயிண்டர் அண்ணன் ஷட்டரைத் தூக்கும்போதே போய்விட்டேன். சித்தப்பாவின் அறை ஏசி போட்டது. அவருடைய சுழல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ரெசின் அறைக்குப் போனேன். அவருடைய மேசையைத் தனியாக இழுக்க முடியவில்லை.

“ஊமைச்சி, என்ன பண்றே?” என்றார் அண்ணன். பட்டறையில் எனக்கு அதுதான் பெயர்.

“வெயில்ல வைக்கிறேன்.”

“எத?”

“டிராகன.”

அவர் நீல டிராகனின் அட்டையை முந்தின நாளே படித்திருந்தார். ஸ்ப்ரே அடிக்கப் போடும் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, மேசையின் மறுமுனையைப் பிடித்தார். “ஊமை ஊரக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க.”

சித்தப்பா வந்தார். காலி அறையைப் பார்த்துக் கத்தினார்.

“எவன்டா என் நாற்காலிய எடுத்தது?”

ரெசின் அறை வாசலில் நின்றிருந்தேன். ஆவியைப் பற்றி நீளமாகச் சொல்ல இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். வந்தது இவ்வளவுதான்.

“நான்தான். உள்ள வெச்சிருக்கேன். வாசனையே இல்லன்னு அக்கா சொல்றா. நீங்களும் உக்காந்து பாத்துச் சொல்லுங்க.”

நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு போவார், என்னையும் போகச் சொல்வார் என்று நினைத்தேன். ஆனால் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இந்த வாசனையிலதான்டி நான் தொழிலே கத்துக்கிட்டேன். அப்ப நீ பொறக்கவே இல்ல. உன் மிரட்டல எல்லாம் வேற எங்கயாவது வெச்சுக்க. இன்னைக்கு முழுக்க இங்கயே உக்காந்து காட்டறேன்.”

உட்கார்ந்தார்.

அக்கா என் கையைக் கிள்ளினாள். “என்னடி பண்ணி வெச்சிருக்கே? ரெண்டு பேர் பொழப்புலயும் மண்ணப் போட்டுட்டியே.” சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினாள். அன்று நீல டிராகனின் வயிறு. ரெசின் கலக்கினாள். கதவைச் சாத்தினோம். ரோலர் ஈரத்தில் சலசலவென்று ஓடியது.

சித்தப்பா போனில் சத்தமாகப் பேசினார், வேண்டுமென்றே சிரித்தார். டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார்.

“என்னடா, டீயில பெயிண்ட் ஊத்தியிருக்கீங்களா?”

“டீ நல்லாத்தான் இருக்கு மொதலாளி,” என்றார் கதவருகே நின்ற பெயிண்டர் அண்ணன். “நாக்குதான் மாறிப்போச்சு.”

சித்தப்பா கண்ணைத் துடைத்தார். போனில் கண்காட்சிக்காரர்களிடம் லாரி என்றைக்கு வரும் என்று கேட்டார். அவர்கள் சொன்னார்கள். கொஞ்சம் பொறுத்து, லாரி என்றைக்கு வரும் என்று மறுபடியும் கேட்டார். அக்கா ரோலரை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

அவர் எழுந்தார். தள்ளாடி, அச்சின் விளிம்பைப் பிடித்தார். உள்ளங்கை முழுக்க ரெசின். அதைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

இடுப்புச் சாவியை எடுத்து, பெட்டியைத் திறந்து, ஃபேனைப் போட்டுவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“அப்பாடா. இப்பதான் மூச்சே வருது.”

அவர் ஒரு டீ குடிக்கும் நேரம் இருந்தார். அக்கா மூன்று டிராகன் செய்யும் நாளெல்லாம் இருந்திருக்கிறாள். வெயிலில் வைத்தால் புரிந்துகொள்ளும் என்று அந்த விவசாயிகள் நம்பினார்கள், நானும் நம்பினேன். சித்தப்பாவுக்குப் புரிந்தது. புரிந்ததும் தனக்காகப் போட்டுக்கொண்டார். காலையில் இருந்ததைவிட இப்போதுதான் எனக்குக் கோபம் அதிகமானது.

புழுதி வந்தது. நீல வயிற்றில் புள்ளி புள்ளியாக உட்கார்ந்தது.

“போச்சு, பளபளப்பு போச்சு! நான் முன்னறைக்குப் போயிடறேன், நாற்காலிய எடுத்துட்டு வாங்க. நான் போனதும் அத நிறுத்திடுங்க.”

சாவி பெட்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. போய்ப் பெட்டியைப் பூட்டிச் சாவியை உருவிக்கொண்டேன்.

“சாவியக் குடும்மா.”

“மாட்டேன்.”

“என்னது?”

“மாட்டேன் சித்தப்பா.”

அவருக்கு முன்னால் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. குரல் கீச்சென்று வந்தது. யாராவது சிரித்திருந்தால் அழுதிருப்பேன்.

“பெரியவளே, உன் தங்கச்சிகிட்ட சாவிய வாங்கு.”

அக்கா என்னிடம் வந்தாள், கையை நீட்டினாள். “குடுத்துடுடி. வம்பு வேண்டாம்.” ஃபேன் எங்களுக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்தது. வெளிக்காற்று அவள் முகத்தில் அடித்து முடியைக் கலைத்தது. சாவியை மூடிய கையை நான் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். இருவரும் அப்படியே நின்றோம். சித்தப்பா கத்திக்கொண்டே இருந்தார்.

நின்றிருந்த அக்கா திடீரென்று முகத்தைச் சுளித்தாள். புடவை முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். அச்சைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள்.

“என்ன நாத்தம்டி இது!”

காற்று பட்டு அவளுக்கு மூக்கு திரும்பிவிட்டது.

“இதுக்குள்ளயாடி நான் இருந்தேன்?”

அவள் நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டாள். சித்தப்பா பக்கம் திரும்பினாள்.

“ஃபேன் ஓடட்டும் சித்தப்பா.”

“புழுதி?”

“இறுகினதும் தண்ணி வெச்சுத் தேய்ச்சு எடுத்துடறேன். பளபளப்பு வரலன்னா வராது.”

சித்தப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நல்லா வளத்தேன். ரெண்டு டிராகன வீட்டுலயே வளத்து வெச்சிருக்கேன்!”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பெயிண்டர் அண்ணன் கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டார். நாற்காலியைத் தள்ள ஒருவரும் போகவில்லை. அவரே தள்ளிக்கொண்டு போனார். ஒரு சக்கரம் வழியெல்லாம் கிறீச்சிட்டது.

“மேசை?” என்றேன்.

அக்கா ரோலரை எடுத்தாள். “கெடக்கட்டும். ஃபைபர் வெட்ட ஆகும்.”