வெளிக்கோடு அவளுக்கு

எங்கள் சபையில் பிள்ளைகள் நிகழ்ச்சிக்கு இந்த வருஷம் கௌபாய் ஊர் போடுவது என்று போதகரம்மா தீர்மானித்துவிட்டார். தீர்மானித்த பிறகுதான் எங்களைக் கூப்பிட்டு யோசனை கேட்டார். அது அவர் வழக்கம்.

"கௌபாய்க்கும் நமக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க என் வாய் விடாது.

"தொலைஞ்ச ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பன் கதைதான். இங்க அவரு குதிரையில போறாரு, அவ்வளவுதான். பிள்ளைங்களுக்குப் பிடிக்கும். ஆனா செலவு மட்டும் கூடாது."

செலவு கூடாது என்றால் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். நான் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கும் கடையில் பில் போடுகிறவள். கிடங்கில் ஆள் உயர அட்டைப்பெட்டிகள் கிடக்கும். கேட்டால் முதலாளி, "எடுத்துட்டுப் போம்மா, எனக்கு இடமாவது மிச்சமாகும்" என்பார். நோவாவின் பேழை, யோனாவின் திமிங்கலம், ஒட்டகங்கள், கழுதை எல்லாம் எங்கள் சபையில் ஃபிரிட்ஜ் பெட்டியிலிருந்துதான் பிறந்தன. வரைவது என் அக்கா. வெட்டுவது நான். இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் நடந்தது.

"குதிரையை மட்டும் அக்காகிட்ட வரைஞ்சு அனுப்பச் சொல்லுவோமா?" என்றார் போதகரம்மா, கொஞ்சம் பயந்துகொண்டே.

"எதுக்கு? எனக்குக் கை இல்லையா?"

எல்லோருக்கும் விஷயம் தெரியும். போன வருஷம் அதே அறையில், அதே மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோதுதான் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இவ கோட்டு மேல வெட்டினதா சரித்திரமே கிடையாது. நான்தான் பாத்துப் பாத்து வரையணும்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு ஒட்டகத்தின் காதையாவது நான் தப்பாக வெட்டியிருக்கிறேனா? அப்படிக் கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். வாசல் வரை போய்த் திரும்பி நின்று, "இனிமே உன் கோடும் வேணாம், நீயும் வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் அக்கா தன் மகனோடு இருக்கப் போய்விட்டாள். ரயிலில் ஆறு மணி நேரம். போவதற்கு முதல் நாள் என் வீட்டுக்காரரிடம் ரயில் நேரத்தைச் சொல்லி அனுப்பினாள். நான் அந்த நேரத்தில் வீட்டில் நின்று, ஏற்கனவே தேய்த்து வைத்திருந்த சட்டைகளை மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பதினாலு மாதம் பேச்சில்லை. அவள் பிடிவாதக்காரி, நான் அவளுக்குத் தங்கை. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன்: அவள் போன முதல் வாரத்திலிருந்தே அவளை என் மனசு தேடியது. வேலை முடிந்து வரும்போது கால் தன்னால் அவள் தெருவுக்குத் திரும்பும். பாதி தூரம் போய்த்தான் ஞாபகம் வரும். கடையில் யாராவது கிறுக்குத்தனமாகப் பேசினால், அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று மனசில் எடுத்து வைப்பேன். வைத்தது எல்லாம் அப்படியே கிடந்தது.

சரி, வேலைக்கு வருகிறேன். சபைக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் மூன்று ஃபிரிட்ஜ் பெட்டிகளைப் பிரித்து நிறுத்தி ஒரு தெருவையே உண்டாக்கினேன். படத்தில் பார்த்தபடி சாராயக்கடை ஒன்று வைக்கலாம் என்றேன். போதகரம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். தள்ளினால் முன்னும் பின்னும் ஆடும் அதன் கதவை மட்டும் வைத்துக்கொண்டு அதைத் தபால் நிலையம் ஆக்கினோம். பழக்கடையில் தூக்கிப் போட்ட மரப்பெட்டிகளும் பழைய சாக்குகளும் தெருவோரத்துக்கு ஆயிற்று. அட்டையில் செய்த கள்ளிச்செடிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து, பல்குத்தும் குச்சிகளைச் சொருகினேன். 'தேடப்படுகிறார்' என்ற விளம்பரத்துக்கு வெள்ளைத்தாளைத் தேநீரில் ஊறவைத்துக் காயவைத்ததும் நூறு வருஷப் பழசாகிவிட்டது. அதில் முதல் ஆளாகப் போதகரின் படத்தை ஒட்டி, குற்றம்: நீளமான பிரசங்கம் என்று எழுதினேன். அவரே வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

எல்லாம் சரி. குதிரைதான் காலை வாரிவிட்டது.

பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு குதிரைகள். ஒவ்வொரு குதிரைக்கும் இரண்டு பக்க அட்டை. நடுவில் பிள்ளை நிற்கும், தோளில் நாடாவை மாட்டிக்கொண்டு ஓடும். ஞாயிறு மாலை நிகழ்ச்சி. புதன்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து, பக்கத்தில் படத்தை வைத்து, அழித்து அழித்து ஒரு குதிரையை வரைந்தேன். அட்டையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரரும், "அட, குதிரை மாதிரியே இருக்கே" என்றார். அவர் அப்படிச் சொல்வது பெரிய விஷயம்.

வெட்டி எடுத்தால் குதிரையைக் காணோம். கழுத்து குச்சியாக, வயிறு ஒட்டிப்போய், கால் நாலும் நூலாக ஏதோ ஒன்று வந்தது. படத்தில்தான் தப்பு என்று நினைத்து இன்னொன்று வரைந்தேன். அதுவும் அதே கோலம். வியாழக்கிழமை ஒத்திகைக்கு அதைக் கொண்டுபோய் ஒரு பெண்குழந்தையின் தோளில் மாட்டினேன். அது குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தது.

"ஆன்ட்டி, இது ஓணானா?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. ஓடும்போது ஒரு கால் மடங்கிப் பிய்ந்து விழுந்தது. போதகரம்மா கையில் ஃபோனை எடுத்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு நேரே கூடத்துக்கு வந்தேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சாமான் அறையில் அக்கா வரைந்த பழைய மாதிரித்தாள்கள் சுருட்டிக் கிடப்பது தெரியும். அவள் முதலில் பழுப்புத்தாளில் வரைவாள், அதை அட்டைமேல் வைத்துக் கறுப்புக் கோட்டை அழுத்திப் பதித்துக் கொடுப்பாள், நான் வெட்டுவேன். தாளை நான் கையால் தொட்டதுகூட இல்லை. கழுதை மாதிரியை எடுத்து, காதைக் குட்டையாக்கினால் குதிரை ஆகிவிடும் என்பது என் கணக்கு. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் அதில் பெரிய ஆறுதல்.

தாளைத் தரையில் விரித்தேன். அட்டைக் கழுதையும் மூலையில்தான் சாய்ந்திருந்தது. அளவு பார்க்க அதைத் தூக்கித் தாள்மேல் போட்டேன்.

கழுதை தாளில் இருந்த படத்தைவிடச் சின்னது. சுற்றிலும், முதுகிலிருந்து குளம்பு வரைக்கும், ஒரு விரல் அகலம் தள்ளிக் கறுப்புக் கோடு வெளியே தெரிந்தது.

கழுதையை நகர்த்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். கறுப்புக் கோட்டுக்குள்ளே இன்னொரு கோடு இருந்தது, பென்சிலில், லேசாக, புள்ளி புள்ளியாக. கழுதையின் உண்மையான வடிவம் அதுதான். இரண்டு கோட்டுக்கும் நடுவில், வால் பக்கத்தில், அக்காவின் குண்டுக் கையெழுத்து: 'உள்கோடு சரி. வெளிக்கோடு அவளுக்கு.'

மற்ற சுருள்களையும் பிரித்தேன். திமிங்கலத்திலும் இரண்டு கோடு. ஒட்டகத்திலும் இரண்டு கோடு. முதல் வருஷம் செய்த நட்சத்திரம், கையகலம்தான் இருக்கும், அதிலும் இரண்டு கோடு. சாமான் அறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். தூசியில் தும்மல் வேறு. அழுகையும் தும்மலுமாக நல்ல அலங்கோலம்.

நான் இடது கைக்காரி. கத்தரி வலது கைக்குச் செய்தது. இடது கையில் பிடித்தால் மேல் அலகு கோட்டை மறைத்துவிடும். கை தன்னால் உள்ளே போய்விடும். இது அதுவரை எனக்குத் தெரியாது. நான் வெட்டியது எதுவும் தப்பாக வந்ததில்லையே, எப்படித் தெரியும்? இருபத்திரண்டு வருஷம் அது எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு நாள், சிரிப்புக்காக, வாய் தவறிச் சொன்னாள். நான் அவளை ரயிலேற்றக்கூடப் போகவில்லை.

ஃபோனை எடுத்தேன். என்ன பேசுவது என்று யோசித்தால் பேசவே மாட்டேன் என்று தெரியும், யோசிக்காமல் அழுத்தினேன். அக்காவின் மருமகள்தான் எடுத்தாள். "அத்தை, சின்னத்தை பேசறாங்க" என்று அவள் கூப்பிடுவதும், நாற்காலி இழுபடுவதும், செருப்பு தரையில் உரசி வருவதும் கேட்டது. செருப்பு மெதுவாக வந்தது.

"ம்" என்றாள் அக்கா.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அக்கா, குதிரை ஒல்லியா வருதுக்கா."

ஃபோன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"கோட்டைச் சுத்தி எவ்வளவு விட்டே?" என்றாள்.

"ஒண்ணும் விடல. எனக்குத் தெரியாதே. இப்பத்தான் கழுதைத் தாளைப் பாத்தேன்."

"ஓ. பாத்துட்டியா."

"ஏன்க்கா சொல்லல? முதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எதுக்குச் சொல்லணும்? நீ சந்தோஷமா வெட்டிட்டு இருந்தே. உன் கையை மாத்தறதைவிடக் கோட்டைத் தள்ளிப் போடறது சுலபம். சொன்னா கத்தரியைக் கீழ வச்சுடுவே." கொஞ்சம் நிறுத்தி, "சொன்ன அன்னைக்கு என்ன ஆச்சுன்னு பாத்தே இல்ல?" என்றாள்.

"தப்புதான்க்கா. நான் பேசினது தப்பு. ஸ்டேஷனுக்காவது வந்திருக்கணும்."

"கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டற வரைக்கும் வண்டி வாசல்லதான் நின்னேன். வண்டியில இருந்தவங்க எல்லாம் உள்ள வாங்கம்மான்னு திட்டினாங்க." மூக்கை உறிஞ்சும் சத்தம். "சரி, அதை விடு. குதிரையைப் பாரு. சுத்தி ஒரு விரல் விட்டு வெளிக்கோடு போடு, சரியா வந்துடும்."

"யார் விரலு?"

"என் விரலுதான். வேற யாரு விரலு?"

"அது அங்கதானே இருக்கு" என்றேன்.

ஆறு மணி நேர தூரத்தில் இரண்டு பேரும் ஃபோனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தோம். பிறகு அவள் மருமகளைக் கூப்பிடுவது கேட்டது. "இதை ஒரு போட்டோ எடும்மா. பக்கத்துல அந்தத் தீப்பெட்டியையும் வை, அவளுக்கு அளவு தெரியணும்."

படம் வந்தது. கூடத்து அடுப்படியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துவந்து ஃபோனுக்குப் பக்கத்தில் வைத்து, திரையில் இருந்த தீப்பெட்டி அதே அளவு ஆகும்வரை பெரிதாக்கினேன். இப்போது அக்காவின் ஆள்காட்டி விரல் அதன் உண்மையான அளவில் என் முன்னால் கிடந்தது. எனக்கு அந்த விரல் அடையாளம் தெரியவில்லை. கணு இரண்டும் உருண்டு திரண்டு, நுனி ஒரு பக்கமாகக் கோணிப்போயிருந்தது.

"கை என்னக்கா ஆச்சு?"

"மூட்டுவாதம்னு சொல்றாங்க. ஏழு மாசமா பென்சில் பிடிக்க முடியல. அதை ஒண்ணும் நினைக்காதே." குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னாள். "இது பழைய விரல் இல்லடி, வீங்கிக் கிடக்கு. அளவை அப்படியே எடுக்காதே. கொஞ்சம் குறைச்சு விடு."

சரி என்றேன். அடுத்த சனிக்கிழமை வருகிறேன், ரயில் நேரத்தை நான் சொல்கிறேன் என்றேன். "வாயேன்" என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்க எனக்குப் பதினாலு மாதம் ஆகியிருக்கிறது.

அட்டையில் ஒரு துண்டை அந்த விரல் அகலத்துக்கு வெட்டி வைத்துக்கொண்டேன். வெள்ளி சாயங்காலமும் சனிக்கிழமை முழுக்கவும் அதை ஓரத்தில் நகர்த்தி நகர்த்தி, பன்னிரண்டு குதிரைக்கும் முதலில் உள்கோடு, அப்புறம் வெளிக்கோடு போட்டு, வெளிக்கோட்டில் வெட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை தபால் நிலையத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு பன்னிரண்டு குதிரைகளும் தொலைந்த ஆட்டைத் தேடிப் புறப்பட்டன. ஒரு கால்கூட மடங்கவில்லை. நான் ஃபோனை உயர்த்திப் பிடித்து அக்காவுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

போதகரம்மா என் காதருகே குனிந்து, "எல்லாம் அழகா இருக்கு. ஆனா குதிரைங்க ஏன் இவ்வளவு குண்டா இருக்கு?" என்று கேட்டார்.

ஃபோனுக்குள்ளிருந்து அக்கா, "குறைச்சு விடுன்னு சொன்னேனே, கேட்டாளா?" என்றாள்.

நான் குறைக்கவில்லை.