ஆரணியில் ஒரு சகோதரி

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து கிளம்பியது. சந்தவாசல் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா ஒரு கிறிஸ்தவத் தியானப் புத்தகத்தை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். குடும்ப ஜெபத்தில் வாசிக்கிற புத்தகமய்யா அது! தினம் ஒரு வசனம், ஒரு சம்பவம், ஒரு ஜெபம். அதில் சிரிக்க என்ன இருக்கும்? கேட்பதற்குள் இறங்கிப் போய்விட்டார். மீதியை நான்தான் இட்டுக்கட்ட வேண்டியதாயிற்று.

2

முதல் தொடக்கம்: "பட்டுக்குப் பேர்போன ஆரணியின் வைகறைப் பொழுதில், கமண்டல நாகநதியின் அலைகள்..."

வேண்டாம். நதியில் தண்ணீர் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் நான் எங்கே போவேன்?

இரண்டாவது தொடக்கம்: அரிசி ஆலை சூப்பர்வைசர் ஜெயச்சந்திரன் ஒரு தியானப் புத்தகம் எழுதினார். இது தேவலை, போகலாம்.

இந்த மாதிரிப் புத்தகங்களில் பெரும்பாலும் எங்கோ ஒரு கப்பல் கவிழும், எங்கோ பனி கொட்டும். ஜெயச்சந்திரனுக்கு அது ஆகாது. "ஆரணி வெயில்ல உக்காந்துகினு பனியப் பத்தி படிச்சா எவன் மனசுல நிக்கும்?" என்பார். ஆகவே சம்பவங்களை வீட்டிலிருந்தே எடுத்தார். பெயர் போட்டால் தப்பாகிவிடுமே என்று 'ஒரு சகோதரி' என்று போட்டார். பொறுமையில்லாத ஒரு சகோதரி. ஆராதனைக்குத் தாமதமாக வரும் ஒரு சகோதரி. குழம்பில் உப்பு இல்லை என்று சொன்னால் முறைக்கிற ஒரு சகோதரி.

(எல்லாச் சகோதரிகளும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தார்கள் என்பது அவருக்கு உறைக்கவேயில்லை. நம்புங்கள், மனுஷன் அவ்வளவு அப்பாவி.)

3

அச்சகத்திலிருந்து புத்தகக் கட்டு வந்தது ஒரு சனிக்கிழமை. பட்டுக்கடையில் புடவை மடிக்கிற வேலை முடிந்து வந்த அவர் மனைவி சின்னபொண்ணு ஆசை ஆசையாக ஒன்றை உருவிப் படித்தாள். நாலு பக்கத்திலேயே முகம் மாறிவிட்டது.

"இன்னாங்க, யாரு இந்த சகோதரி?"

"பொதுவா எழுதனதும்மா."

"பொதுவாவா? பட்டுக்கடையில புடவ மடிக்கிற ஒரு சகோதரின்னே போட்டுக்கிறீங்க! நம்ம சபையில வேற எவ பட்டுக்கடையில கீறா?"

ஜெயச்சந்திரன் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். அட ஆண்டவரே, ஆமாம்.

"என்கிட்ட நல்லது ஒண்ணு கூடவா உங்க கண்ணுல படல?" என்றாள்.

மறுநாள் ஞாயிறு ஆராதனையில் புத்தக வெளியீடு. அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவரின் மனைவிதான் முதல் பிரதியை வாங்கி, ஒரு பக்கம் வாசித்து, ஜெபம் பண்ண வேண்டும். "நான் வரல. உங்க சகோதரிய கூட்டிகினு போங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜெயச்சந்திரனுக்கு சபை என்ன பேசும் என்ற பயம் பாதி. அவளை இப்படி நோகடித்துவிட்டோமே என்ற துக்கம் மீதி.

4

இங்கே நான் வசமாக மாட்டிக்கொண்டேன். ஒரு வாக்கியம் எழுதினேன்: "சின்னபொண்ணு கண்களைத் துடைத்துக்கொண்டு, மன்னிப்பதே மேன்மை என்று உணர்ந்து..."

[அடித்துவிட்டேன். "அவரு எழுதனது பத்தாதுன்னு நீ வேறயா சார்?" என்று கேட்டிருப்பாள். கேட்டால் நான் என்ன சொல்வது?]

வேறு முடிவு: ஜெயச்சந்திரன் கட்டு முழுவதையும் ஆற்றில் வீசி... சே, சினிமாத்தனம்.

பேனாவை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் அவள் சபைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் கூப்பிடவில்லை, சத்தியமாக.

5

பாஸ்டர் முதல் பிரதியை நீட்டினார். மயில்கழுத்துப் பட்டில் வந்திருந்த சின்னபொண்ணு மைக்கைப் பிடித்தாள். "ஒரு சகோதரி எப்போதும் ஆராதனைக்குத் தாமதமாக வருவாள்" என்று வாசித்துவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

"அது நான்தாங்க."

சபை கொல்லென்று சிரித்தது.

"ஏன் லேட்டுன்னு புக்குல இல்ல, நான் சொல்றேன். ஜல்தியா கெளம்பும்மான்னு கத்திகினே என் பைபிள் எங்கன்னு கேப்பாரு. வீடு பூரா தேடுவேன். பாத்தா அவரு கையிலதான் இருக்கும்!"

"ஆமென்!" என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். அப்புறம் பெண்கள் பக்கம் முழுக்க ஆமென். பாஸ்டரம்மாவின் ஆமென்தான் அதில் பெரிசு. பாஸ்டர் தரையைப் பார்த்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சின்னபொண்ணு மட்டும் சிரிக்கவில்லை என்பதை ஜெயச்சந்திரன் பார்த்துவிட்டார். எழுந்து பக்கத்தில் போனார். "தப்பு என்னுதுதாம்மா. ஜெபம் பண்ணு" என்றார்.

"பண்றேன். மொதல்ல நீங்க ஒரு சகோதரனப் பத்தி சொல்லுங்க. நெசமா சொல்லணும். அப்புறம்தான் ஜெபம்."

மைக்கை அவர் கையில் கொடுத்தாள்.

6

ஜெயச்சந்திரன் தொண்டையைக் கனைத்தார். "ஒரு சகோதரன்..." என்றார். நின்றுவிட்டார். சொல்ல நிறைய இருந்தது, எதை முதலில் சொல்வதென்றுதான் தெரியவில்லை. சின்னபொண்ணு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

அவர் வாய்க்கு நானும் நாலு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். நாலும் என் வீட்டுக் கதையாகவே வருகிறது. பக்கத்து அறையில் என் மனைவி இருக்கிறாள், என்னால் ஆகாது சாமி. நீங்களே முடித்துவையுங்கள். வீட்டில் இருப்பவர்கள் காதில் விழுகிற மாதிரி, கொஞ்சம் சத்தமாக. சபை காத்துக்கொண்டிருக்கிறது, ம், ஆரம்பியுங்கள்: ஒரு சகோதரன்...