பாட்டிகிட்ட போய்ச் சொல்லு

நானும் என் மனைவியும் நேருக்கு நேர் பேசி மூன்று வருஷம் ஆகிறது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, "இனிமே இந்த வீட்டுக்கு நான்தான் டிரைவர்" என்று ஒரு ஜம்பத்துக்குச் சொல்லிவிட்டேன். "அப்ப நான் இங்கயே இறங்கிக்கிறேன்" என்றாள் அவள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான். நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை, போனால் போ என்று விட்டுவிட்டேன்.

அதற்காக வீடு நின்றுபோய்விடவில்லை. "சாப்பிடறவங்க சாப்பிடலாம்" என்று அவள் அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். "குழாயில தண்ணி வந்தாச்சு" என்று நான் ஜன்னலிடம் சொல்வேன். பழகிவிட்டது.

மாப்பிள்ளைக்கு முதுகில் ஆபரேஷன். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கூடவே இருக்க வேண்டும் என்று மகள் பிள்ளைகள் இரண்டையும் எங்களிடம் கொண்டுவந்து விட்டாள். இதற்கு முன்னால் ஒரு ராத்திரிகூட விட்டதில்லை. பெரியவளுக்கு ஐந்து வயது. சின்னவனுக்கு இன்னும் இரண்டு முடியவில்லை, உருட்டி வைத்த மாதிரி இருப்பான், அதனால் உருண்டை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மகள் சொன்னாள்: "அப்பா, உங்க சண்டையில என் பிள்ளைங்களை இழுக்காதீங்க. அம்மா, உனக்கும் சேர்த்துத்தான். ஏதாவது ஆச்சுன்னா இனிமே இந்த வாசப்படியை அவங்க மிதிக்க மாட்டாங்க."

"சேச்சே, என்ன பேச்சு இது" என்றேன். அவள் அம்மாவும் அதையேதான் சொன்னாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

மகள் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டாள். "தாத்தா குளிச்சாச்சான்னு கேளுடா கண்ணு" என்று பெரியவளிடம் ஆரம்பித்தாள் மனைவி. "ஆச்சுன்னு சொல்லு" என்றேன் நான். ஜன்னலுக்குப் பிள்ளை எவ்வளவோ மேல், பதிலாவது கொண்டுவருகிறதே! பெரியவளுக்கு முதல் நாள் ஒரே குஷி, அறைக்கு அறை ஓடினாள். மறுநாள் நடந்தாள். அதற்கு மறுநாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே "என்ன?" என்றாள். எங்களுக்கு எங்கே உறைத்தது?

அன்றைக்கு மத்தியானம் மனைவி பின்னறையில் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த மோட்டார் மெஷின் ஓட ஆரம்பித்தால் இடி விழுந்தாலும் கேட்காது. உருண்டை கூடத்தில் பாயில் தூங்கினான். எழுந்ததும் பால் கேட்டு வீட்டை இரண்டாக்குவான், வீட்டிலோ பால் இல்லை. படம் வரைந்துகொண்டிருந்த பெரியவளைக் கூப்பிட்டேன்.

"பாட்டிகிட்ட போய்ச் சொல்லு. தாத்தா பால் வாங்கப் போறாராம், தம்பியைப் பாத்துக்கணுமாம்."

"ம்" என்றாள் தலை நிமிராமல்.

பின்னறை அங்கிருந்து நாலு எட்டு. நானே எட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கலாம், வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? கதவைத் தாழ் போடாமல் வெறுமனே சாத்திவிட்டுக் கீழே இறங்கினேன்.

திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது, பாய் காலி. அவளிடம் இருப்பான் என்று பின்னறைக்குப் போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவள் கீழே துண்டுத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் இல்லை.

"உருண்டை எங்க?" என்று பெரியவளைக் கேட்டேன்.

மெஷின் நின்றது. மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. அப்போதும் பாருங்கள், பாழாய்ப்போன பழக்கம், அவளும் பெரியவளைப் பார்த்தே கேட்டாள்: "தாத்தா தூக்கிட்டுப் போகலையான்னு கேளு."

"போகலைன்னு சொல்லு! பாத்துக்கச் சொல்லிட்டுத்தானே போனேன்னு கேளு!"

பெரியவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. "தாத்தா பால் வாங்கப் போறாருன்னு சொன்னேன்."

"மீதி?"

"மீதி மறந்துட்டேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு குழந்தையை முறைத்தேன்.

"அவளை ஏன் முறைக்கிறீங்க? வாசலுக்கு ஓடுங்க!" என்று மனைவி என் முகத்தைப் பார்த்துக் கத்தினாள். மூன்று வருஷத்துக்கு அப்புறம் அதுதான் முதல் பேச்சு. அதை நினைக்க யாருக்கு நேரம்?

எங்கள் வீடு மூன்றாம் மாடி. அதற்கு மேலே மொட்டை மாடி, துணி காயப்போட எல்லாரும் போய்வருவதால் பகலில் கதவு திறந்தே கிடக்கும். கீழே பஸ் போகும் தெரு. நான் வரும்போது படிக்கட்டில் யாரும் இல்லை. ஒன்று அவன் மேலே போயிருக்க வேண்டும், இல்லை நான் கடையில் நின்றபோதே தெருவுக்கு வந்திருக்க வேண்டும்.

"நீ மேல பாரு, நான் கீழ போறேன்" என்று ஓடினேன்.

நிறுத்தத்தில் ஒரு பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால், சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் சின்னப் பிள்ளை கண்ணில் படாது. காலமெல்லாம் அந்தப் பயத்தோடு வண்டி ஓட்டியவன் நான். ஓடிப்போய் முன்னால் நின்று இரண்டு கையாலும் தகரத்தை அடித்தேன்.

"யோவ் பெருசு, சாகறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?"

"குழந்தையைக் காணோம்ப்பா! எடுக்காதே!"

அவன் மறுபேச்சு பேசாமல் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். இரண்டு பேரும் தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தோம். அடியில் ஒன்றும் இல்லை.

"ஏங்க! ஏங்க!"

மொட்டை மாடியிலிருந்து அவள் குரல். கிடைத்துவிட்டான் என்று சொல்கிற குரல் இல்லை அது. படி ஏறினேனா பறந்தேனா, தெரியாது.

மாடி ஓரத்துக் கம்பித் தடுப்பில் மூலையில் ஒரு கம்பி வளைந்து சந்து விழுந்திருந்தது. கட்டிலிலிருந்து இறங்குவது போல உருண்டை காலை முதலில் விட்டு அந்தச் சந்தில் இறங்கியிருந்தான். இடுப்புக்குக் கீழே வெறும் காற்று. மனைவி குப்புறப் படுத்து அவனுடைய இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் இழுக்க இழுக்க அவன் வயிறு கம்பியில் மாட்டிக்கொண்டது. அவன் வீறிட்டான்.

நானும் விழுந்து படுத்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டி அவன் அக்குளுக்குள் கொடுத்தேன்.

"பக்கவாட்டுல திருப்பினாத்தான் வருவான். நான் பிடிச்சுட்டேன், நீ கையை விடு."

"விட மாட்டேன்."

"நீ இழுக்கிற இழுப்புல அவன் திரும்பவே மாட்டேங்கிறான். விடு!"

"உங்களை நம்பி எப்படி விடறது?"

செருப்பால் அடித்தது போலிருந்தது. கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. "இப்ப வேற யாரு இருக்கா உனக்கு?" என்று கத்தினேன்.

விட்டாள். அவன் முழுக் கனமும் என் கைக்கு வந்தது. என் தோள்பட்டை பிய்ந்துவிடும் போல வலித்தது. அவனை ஒருக்களித்துத் திருப்பினேன். வயிற்றுத் தோல் உராய உராய, உள்ளே வந்து விழுந்தான். அவள் என்னை ஓர் அடி அடித்தாள். அப்புறம் அவனை வாரி எடுத்து முத்தம் கொடுத்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன், வெட்கமெல்லாம் படவில்லை. பெரியவள் படிக்கட்டுக் கதவிலேயே நின்றாள், கிட்ட வரவில்லை.

சாயங்காலம் உருண்டையின் வயிற்றுக்கு மருந்து தடவும்போது மனைவி சொன்னாள்: "பொண்ணுகிட்ட சொல்லிடணும்."

"சொல்லித்தான் ஆகணுமா?"

"ஆகணும்."

"சரி, நானே சொல்றேன்."

மகளுக்கு ஃபோன் போட்டு ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பாதிக்கு மேல் முடியாமல் ஃபோனை நீட்டினேன். மனைவி வாங்கி மீதியைச் சொன்னாள். மகள் கத்துவாள், கத்தட்டும், நன்றாக நாலு வார்த்தை கேட்டால் போதும் என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை. "பெரியவகிட்ட ஃபோனைக் கொடு" என்று மட்டும் சொன்னாளாம்.

பெரியவள் காதில் வைத்துக் கேட்டாள். தலையாட்டினாள். "சரிம்மா" என்று ஃபோனைக் கீழே வைத்துவிட்டு எங்கள் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. நாளைக்குக் காலையில அத்தை வந்து எங்களைக் கூட்டிட்டுப் போவாங்களாம். துணியெல்லாம் எடுத்து வைக்கணுமாம். அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் தம்பி பக்கத்துலயே உட்கார்ந்திருக்கணுமாம்." விரலை மடக்கி யோசித்தாள். "அப்புறம், அம்மா இனிமே உங்ககூடப் பேச மாட்டாங்களாம்."

"ஃபோனைக் கொடுடா கண்ணு, பாட்டி பேசிப் பாக்கறேன்" என்று மனைவி கையை நீட்டினாள்.

"வெச்சுட்டாங்க பாட்டி" என்றாள் பெரியவள். பயந்த கண்ணோடு என்னைப் பார்த்தாள். "இந்தத் தடவை நான் எதையும் மறக்கல, இல்ல தாத்தா?"