பாவா

மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு பரந்தாமனும் நிர்மலாவும் தனியாக வெளியூர் கிளம்பியது அதுவே முதல் தடவை. வெளியூர் என்றாலும் தூரமில்லை. அம்பத்தூரில் ஏறினால் மின்சார ரயிலே திருத்தணியில் கொண்டுவந்து விட்டுவிடும். சனி, ஞாயிறு இரண்டு நாள். மலையில் தரிசனம், அடிவாரத்து லாட்ஜில் ஓர் அறை, சமையல் கிடையாது. அதற்கே நிர்மலாவுக்கு அத்தனை ஆசை.

படிக்கட்டு தொடங்கும் இடத்தில் பூக்கடைகள் இருந்தன. ஒரு கடையிலிருந்து முப்பது வயதுக்காரி ஒருத்தி எழுந்து நின்று சிரித்தாள்.

"வாங்க பாவா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

நிர்மலாவுக்குச் சுருக்கென்றது. அவள் பிறந்தது நாகப்பட்டினம் பக்கம், தெலுங்கு தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல் தெரியும். அம்பத்தூரில் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரி தன் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"இது ரஞ்சிதம்" என்றார் பரந்தாமன். "கனகம்மாசத்திரம், மணவூருன்னு இந்தப் பக்கம் தராசு ரிப்பேருக்கு வர்றப்ப, சாமி பார்க்க வந்தா இங்கதான் பூ வாங்குவேன்."

ரஞ்சிதம் கனகாம்பரத்தை நிர்மலாவின் தலையில் தானே வைத்துவிட்டாள். காசு வாங்கவில்லை. அதுவும் நிர்மலாவுக்குப் பிடிக்கவில்லை.

மலையில் அவள் அவரைவிட்டு இரண்டு படி தள்ளியே ஏறினாள். முருகன் முன்னால் என்ன வேண்டிக்கொள்வதென்று தெரியாமல் கைகூப்பினாள். தெய்வானை சன்னதியில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

இறங்கிவந்து ஓட்டலில் உட்கார்ந்ததும் பரந்தாமன் கேட்டார். "கால் வலிக்குதா?"

"கால் நல்லாத்தான் இருக்கு."

"சாம்பார் எப்படி?"

"எனக்கென்ன தெரியும். உங்களுக்குப் பழகுன ஊரு. உறவுக்காரங்க வேற இருக்காங்க."

அவருக்குப் புரியவில்லை. "யாரு உறவு?" என்று கேட்டுவிட்டு அப்பளத்தை நொறுக்கினார்.

அறைக்கு வந்ததும் அவள் பூவை எடுத்து ஜன்னல் கட்டையில் போட்டாள். பரந்தாமன் படுத்தவுடன் தூங்கிவிட்டார். மனசில் ஏதாவது இருந்தால் இப்படித் தூக்கம் வருமா என்று ஒரு கணம் நினைத்தாள். பழகிப்போனவனுக்கு வரும் என்று அடுத்த கணம் நினைத்தாள். கேட்காமல் ஊர் திரும்பினால் இந்தச் சொல் வீட்டுக்குள்ளும் கூடவே வரும். காசு வாங்காதவளுக்கு மலைப் பிரசாதம் என்ற சாக்கோடு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

ரஞ்சிதம் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். நிர்மலா வாய் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"இன்னாக்கா, பூ விழுந்துடுச்சா? உக்காரு, வேற வெச்சு வுடறேன்."

தலைமுடியில் அவள் விரல்கள் பதமாக இருந்தன. நிர்மலாவின் குரல் தேய்ந்து வந்தது. "அவரை எதுக்கு பாவான்னு கூப்பிட்ட?"

"பின்ன எப்படிக் கூப்புடறது? நீ அக்கான்னா, எங்க பக்கம் அக்கா புருஷன் பாவாதானே?"

"இதுக்கு முன்னாடி?"

"போன வாட்டி வரைக்கும் அண்ணாதான்." ரஞ்சிதம் நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அண்ணான்னா நீ எனக்கு அண்ணியாயிடுவே. எனக்கு மூணு அண்ணிங்க இருக்காங்க, போதும். அக்காதான் இல்ல. நீ வர்றேன்னு அவரு சொன்னப்பவே முடிவு பண்ணிட்டேன், இனிமே நான் உன் கட்சின்னு."

ரஞ்சிதம் அடுத்த பூவை எடுத்து நாரில் வைத்துக் கட்டினாள்.

"சாமிக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணுன்னு வாங்குவாரு. அம்பத்தூரு போறதுக்குள்ள வாடிடும்னு ஈர வாழையிலைல சுத்திக் குடுப்பேன். வாடாம வருதாக்கா?"

அந்த வாழையிலைப் பொட்டலம் நிர்மலாவுக்குத் தெரியும். ஸ்டேஷனில் வாங்கியது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். இலையைப் பிரிக்கும்போது ஒருநாளும் ஒரு பூ வாடியிருந்ததில்லை.

"ஒண்ணுகூட வாடாதும்மா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையிலிருந்த பிரசாதத்தில் பாதியைப் பிட்டு ரஞ்சிதத்தின் வாயில் ஊட்டினாள். கை நிறைய நார் சுற்றியிருந்ததால் ரஞ்சிதமும் குழந்தைபோல் வாயைத் திறந்தாள்.

அறையில் பரந்தாமன் விழித்திருந்தார். அவள் ஜன்னலில் போட்டிருந்த பூவை ஈரத்துண்டில் சுற்றி வைத்திருந்தார். "கீழ விழுந்து கெடந்துச்சு, எடுத்து வெச்சேன்" என்றார். "எங்க போன?"

நிர்மலா அவர் முன்னால் திரும்பி உட்கார்ந்து, அந்தப் பூவுக்கும் தலையில் இடம் காட்டினாள்.

"தங்கச்சியப் பார்த்துட்டு வந்தேன்."