ராக்கு தோண்டிய சாணக்குழி

எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் ஐந்தடியில் கிடக்கிறது. மணலைப் பறித்தால் ஊறிவிடும். ஆசைப்பட்டு இன்னும் ஆழமாகப் போனால் உப்பு. இதைத் தெரிந்துகொள்ள எங்களில் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை.

ஏர்வாடிக்குக் கிழக்கே ஒரு கல் தொலைவு. தெற்கே கடல், அதை ஒட்டி மணல்மேடு, மேட்டுக்கு வடக்கே ஊர். மேட்டின் அடிவாரப் பள்ளத்தில்தான் ஊற்று. விடிந்ததும் பெண்கள் குடத்தோடு போய் உட்கார்ந்து, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைவதற்குள் ஒரு கல்யாணத்தைப் பேசி முடித்துவிடலாம்.

மேட்டின் மேல் ராக்கு அக்காவின் மாட்டுக்கொட்டில் இருந்தது. எட்டுப் பசுக்கள். தர்காவுக்குப் போகிற வழியில் உள்ள டீக்கடைகள் அத்தனைக்கும் அவள் பால்தான். கட்டியவன் செத்த பிறகு ஒரு கிடாரியை வைத்துக்கொண்டு தொடங்கியவள். கொட்டிலுக்குப் பின்னால் ஊர்ப்பக்கம் பள்ளத்தை நோக்கி இறங்குகிற கொஞ்சம் மணல்தான் அவளுக்குச் சொந்தம். கடல்பக்கம் புறம்போக்கு. இருபது வருஷமாக அவள் சாணத்தை ஓலைப்பெட்டியில் அள்ளிச் சுமந்து, கடல்பக்கத்து மணலில்தான் பரப்பிக் காயவைப்பாள். கொட்டில் கழுவுகிற தண்ணீருக்கும் அந்தப் பக்கமே வாய்க்கால் கீறியிருந்தாள். கொட்டிலுக்குப் பின்னாலேயே கொட்டியிருந்தால் அவளுக்குப் பாதி வேலை மிச்சம். ஆனால் கீழே ஊற்று இருக்கிறதே. ஊர்ப்பக்கம் ஒரு சொட்டு விழவிடமாட்டாள். “எம் மாடுகளுக்கே தெரியும், எந்தப் பக்கம் திரும்பி நின்னு ஒண்ணுக்குப் போகணும்னு” என்பாள்.

அறுபத்தோராம் வருஷம் ஊருக்குப் பஞ்சாயத்து போர்டு வந்தது. ஹமீது சுல்தான் காக்கா தலைவர்; காக்கா என்றால் எங்களில் அண்ணன். நல்ல மனுஷர், யாரையும் ஏசத் தெரியாதவர். போர்டில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதாம். தேர்தலில் நிற்க எவளும் வரவில்லை. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்பதற்காக என்னை நியமித்துவிட்டார்கள். கொழும்பில் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர் எழுதுகிற கடிதத்தை அடுத்தவர் வாயால் கேட்கப் பிடிக்காமல், மளிகைக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்து நானாக எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். அதுதான் என் படிப்பு, கண்ணுகளா.

ஆண்கள் கூடுகிற கூட்டத்துக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் போகிற வழக்கம் அப்போது இல்லை. கூட்டம் முடிந்ததும் கிளார்க் மஹ்மூது தீர்மான நோட்டை எடுத்துக்கொண்டு வருவார். வாசல் கதவுக்கு வெளியே அவர், உள்ளே நான். நடுவில் சேலைத் திரை. திரைக்கு அடியில் நோட்டு உள்ளே வரும், கையெழுத்தோடு வெளியே போகும். மற்ற மெம்பர்கள் படிக்காமலே போட்டுவிடுவார்களாம். நான் ஒரு வரி விடாமல் படிப்பேன். எனக்கு அதில் பெருமை.

அந்த வருஷம் தர்காவின் சந்தனக்கூட்டுத் திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒருவர் மாற்றலாகி வந்தார். பெயர் செல்லச்சாமி. கமுதிப் பக்கம் கரிசல் காட்டு ஊர்க்காரர். வேலையில் சுத்தம். ஒரு டம்ளர் மோர்கூட யார் வீட்டிலும் வாங்கிக் குடிக்கமாட்டார். முந்தின வருஷம் அதே கந்தூரிக் கூட்டத்தில் வாந்திபேதி கண்டு ஆட்கள் செத்திருந்தார்கள். இந்த வருஷம் ஓர் உயிர்கூடப் போகக்கூடாது என்று சைக்கிளில் அலைந்தார். கடற்கரைப் பாதையில் யாத்திரை ஜனம் நடக்கிற இடத்தில் ராக்குவின் சாணம் காய்ந்துகொண்டிருந்தது. ஈ மொய்த்தது. போர்டுக்கு எழுதிவிட்டார்.

நோட்டு என் வாசலுக்கு வந்தது. மாட்டுக்கொட்டில் வைத்திருப்பவர்கள் சாணத்தைத் திறந்த வெளியில் போடக்கூடாது. சொந்த இடத்துக்குள் பத்தடி நீளம், ஆறடி அகலம், ஆறடி ஆழத்தில் குழி எடுக்க வேண்டும். கழிவுநீரும் அந்தக் குழிக்கே போய்ச் சேர வேண்டும். தவறினால் கோர்ட்டு.

ஆறடி என்ற இடத்தில் என் விரல் நின்றது. ‘நம்ம ஊரில் ஆறடியில் தண்ணீரல்லவா கிடக்கும்’ என்று திரைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். அது மேலேயிருந்து அச்சடித்து வந்த அளவு, ஜில்லா முழுக்க அதுதான் என்றார் மஹ்மூது. அச்சில் இருக்கிறது என்றதும் என் வாய் அடைத்துப் போனது. எழுத்து தெரியாதவளாக இருந்திருந்தால் இன்னொரு தரம் கேட்டிருப்பேனோ என்னவோ. கையெழுத்துப் போட்டேன்.

நான்காம் நாள் ராக்கு அக்கா நோட்டீசை மடியில் சொருகிக்கொண்டு என் அடுப்படிக்கே வந்தாள். வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன்.

“ஆறடின்னா ஊத்துக்குள்ளயில்ல கொண்டுபோய்க் கொட்டச் சொல்றாக” என்றாள்.

இன்ஸ்பெக்டரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினாராம்: குழிக்குள் போய்விட்டால் சாணம் மட்கிவிடும், அழுக்கை மண் வடிகட்டிவிடும், அவர் ஊரில் நூறு குழி அப்படித்தான் எடுத்தார்கள். அவர் ஊர் மண் களிமண், எங்கள் மண் சல்லடை. அதை அவருக்குச் சொல்ல ராக்குவுக்கு வார்த்தை வரவில்லை. கடல்பக்கமே குழி எடுக்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். புறம்போக்கில் எடுத்தால் அது வேறு குற்றம் என்றாராம்.

“நான் தோண்டப் போறதில்ல பீவி. கோர்ட்டுக்கு இழுத்தா இழுக்கட்டும். மாட்டைப் பத்திக்கிட்டே போய் நிக்கிறேன். அதுக என்ன பண்ணுச்சுன்னு ஜட்ஜ் கேக்கட்டும்.”

அவள் சொன்னால் செய்வாள். நான்தான் விடவில்லை. பெண் ஒருத்தி கோர்ட்டுப் படி ஏறினால் ஊர் என்ன பேசும் என்றேன். உன் ஒருத்திக்காகச் சட்டத்தை மாற்றுவார்களா என்றேன். எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்றும் சொன்னேன். அதுதான் அவளைச் சாய்த்தது.

“படிச்சவங்க யோசிக்காமலா போடுவாங்க? நானே படிச்சுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன். தோண்டுக்கா.”

“நீ பாத்தியா?”

“பார்த்தேன்.”

“அப்பச் சரி” என்று எழுந்து போனாள்.

குழி வெட்ட வந்தவன் கூத்தையா. ஊரில் மண் வேலைக்கு அவன்தான். இரண்டாம் நாள் ஐந்தடிக்கு வந்தபோது மண்வெட்டி சளக்கென்றது. சுற்றிலும் மணல் கசிந்து, கணுக்கால் அளவு தண்ணீர் நின்றதாம். கூத்தையா இரு கையாலும் அள்ளி முகம் கழுவி, ஒரு வாய் குடித்தும் பார்த்தான். இளநீர் தோற்றுவிடும் என்று மேலே நின்றவளுக்கும் ஒரு சிரட்டை மொண்டு கொடுத்தான். ராக்கு வாங்கிக் குடித்தாள். எட்டுப் பசுக்களையும் அவிழ்த்துக் கொண்டுவந்து ஆளுக்கு ஒரு வாளி காட்டினாள். அதற்குப் பிறகுதான் மிச்சம் ஓரடியைத் தோண்டச் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் வந்து டேப்பைக் குழிக்குள் விட்டார். தண்ணீரின் ஆழத்தையும் சேர்த்து ஆறடி சரியாக இருந்தது. ‘விதிப்படி உள்ளது, திருப்தி’ என்று எழுதினார். தம் சரகத்தில் முதன்முதலாகச் சொல்படி கேட்டது இந்த அம்மாதான் என்று ராக்குவைப் பாராட்டவும் செய்தார். அன்று மாலையிலிருந்து எட்டு மாட்டுச் சாணமும் மூத்திரமும் கழுவுநீரும் அந்தத் தண்ணீருக்குள் விழுந்தன.

சந்தனக்கூடு நல்லபடியாக நடந்தது. கடற்கரைப் பாதையில் ஈ இல்லை. எல்லோரும் இன்ஸ்பெக்டரைப் புகழ்ந்தார்கள்.

வைகாசிக் கடைசியில் ஊற்றுத் தண்ணீரில் ஒரு வாடை வந்தது. நாய் எதுவும் விழுந்து செத்திருக்கும் என்று மேல் மணலை அள்ளிப்போட்டுப் பார்த்தார்கள். நாய் இல்லை. வெயில் நேரம், வேறு தண்ணீர் கிடையாது. துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். என் வீட்டுக்குள் தனிக் கிணறு உண்டு, ஊரின் மறுகோடியில். இதை நான் சொல்லாமல் விட்டாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பிள்ளைகளுக்குத்தான் வாந்திபேதி வந்தது. பதினோரு பேர் படுத்தார்கள். பத்துப் பேர் எழுந்தார்கள். எழாதது என் அடுத்த வீட்டுச் சல்மாவின் மகள்; கிணறில்லாத அவர்களுக்கு ஊற்றுத் தண்ணீர்தான். மூன்று வயது. என் மடியில் உட்கார்ந்து என் வளையலை எண்ணத் தெரிந்த பிள்ளை. எண்ணும்போது மூன்றுக்குப் பிறகு அவளுக்கு ஏழுதான் வரும். அதற்கு மேல் இந்தக் கதையில் அவளைப் பற்றிச் சொல்ல என்னால் முடியாது.

ஊர் மேட்டைப் பார்த்தது. அங்கே நிரம்பி நுரைத்த குழி கிடந்தது. யார் தோண்டச் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. ராக்குவின் கொட்டிலில் குழி, ராக்குவின் மாட்டுச் சாணம். டீக்கடைகள் பாலை நிறுத்தின. ஊற்றுக்குப் போன ராக்குவின் குடத்தை யாரோ தட்டிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்து ஊற்றில் பிளீச்சிங் பவுடரைத் தூவினார். பிள்ளை செத்ததைக் கேட்டு அவர் அழுததை மஹ்மூது பார்த்தாராம். ஆனால் அழுகையை ரிப்போர்ட்டில் எழுத முடியுமா?

மறுபடி நோட்டு வந்தது. பொதுக் குடிநீரைக் கெடுத்த குற்றத்துக்காக ராக்கு என்பவர் மேட்டில் மாடு வைத்துக்கொள்ளும் அனுமதியை ரத்து செய்கிறோம், ஏழு நாளில் கொட்டிலைப் பிரிக்க வேண்டும் என்று இருந்தது. நான் பேனாவைத் தொடவில்லை. போர்டு போட்ட உத்தரவின்படிதான் அந்தக் குழி எடுத்தது, அதையும் இதில் எழுதினால் போடுகிறேன் என்றேன்.

மஹ்மூது போய்ச் சொன்னதும் தலைவரே வந்துவிட்டார். திரைக்கு வெளியே நாற்காலி கொடுக்கச் சொல்லி உட்கார்ந்தார்.

“எழுதலாம்மா, எனக்கும் மனசு கேக்கல” என்றார் ஹமீது சுல்தான் காக்கா. “எழுதுனா அந்த இன்ஸ்பெக்டருக்கு உத்தியோகம் போயிரும். நாலு பொம்பளப் புள்ளைக அவருக்கு. நாம ஏழு பேர் கையெழுத்தும் அதுல இருக்கு. ராக்குவுக்கு என்ன, எங்கன போனாலும் மாடு மாடுதான்.”

“நான் போட மாட்டேன் காக்கா.”

“வேணாம்மா” என்றார் அவர், கோபமே இல்லாமல். “ஆறு கையெழுத்து இருக்கு. நாலு இருந்தாலே போதும். மரியாதைக்கித்தான் உன்கிட்டக் கொண்டு வாறது.”

நோட்டு வெளியே போய்விட்டது. என் கையெழுத்து இல்லாமல் முந்தின தீர்மானமும் நிறைவேறியிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போர்டுக்கு என் கையெழுத்து தேவைப்படவே இல்லை. ராக்கு ஒருத்திதான் அதை நம்பினாள்.

ஆறாம் நாள் காலையில் அவள் வந்தாள். அடுப்படிக்குள் வரவில்லை. கொல்லை வாசலிலேயே நின்றாள். திருவாடானைப் பக்கம் தங்கை ஊருக்கு மாடுகளை நடத்திக்கொண்டே போகப்போவதாகச் சொன்னாள். கன்றுகள் நடக்குமா என்று நான் அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

“நடக்கும். தோண்டியிருக்காட்டி என்னையத் திமிர் புடிச்சவள்னு சொல்லியிருப்பாக. தோண்டுனதுக்குக் கொலைகாரிங்கறாக” என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஊருக்கெல்லாம் சொல்ல வேணாம் பீவி. சல்மாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிரு. அந்தப் புள்ள எங்கிட்டத்தான் சீம்பால் வாங்கித் திங்கும். நானா செய்யலன்னு அவளுக்குத் தெரிஞ்சாப் போதும்.”

சொல்கிறேன் என்றேன். அவள் போனாள்.

துக்க வீட்டில் எப்படிப் போய்ச் சொல்வது என்று நாற்பதாம் நாள் ஃபாத்திஹா வரை நாளைக் கடத்தினேன். அது முடிந்த மறுநாள் சல்மா தனியாக இருக்கிற நேரம் பார்த்துப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அச்சடித்த ஆறடி, திரைக்கு அடியில் வந்த நோட்டு, தோண்டமாட்டேன் என்றவளைத் தோண்டவைத்த என் வாய், ஒன்றும் விடவில்லை. சல்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. நான் முடித்த பிறகும் புடைத்துக்கொண்டே இருந்தாள்.

“இத எதுக்கு ராத்தா எங்கிட்டச் சொன்னீங்க?” என்றாள் கடைசியில்.

ராக்கு கேட்டுக்கொண்டாள் என்றேன்.

“ராக்கு போயிட்டா. அவள நெனச்சு நான் திட்டிக்கிட்டாவது கெடப்பேன். நீங்க பக்கத்து வீடு. நாளைக்கு எம் மூத்தவளுக்குக் காய்ச்சல்னா உங்க வீட்டுக்குத்தான் ஓடி வரணும். தலைவர்தான் எங்க மாமாவுக்கு வேலை குடுத்திருக்காரு.” முறத்தைக் கீழே வைத்தாள். “அவதான் செஞ்சான்னே இருக்கட்டும் ராத்தா. நீங்க சொல்லல, நான் கேக்கல.”

எழுந்து உள்ளே போனவள் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எங்கள் வழக்கம். குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.